டைப் 1 தமிழ் ஃபான்ட் இனி வேலை செய்யாது: 312 பக்கப் புத்தகத்துக்கு மாற்று எழுத்து தேர்வது எப்படி?

ஃபாரம்16:

வணக்கம். ஒரு கட்டுரை நூலின் மறுபதிப்பு வேலை. டெமி 1/8 அளவு, 312 பக்கம், 19½ ஃபாரம் (ஃபாரத்துக்கு 16 பக்கம்). எழுத்துப் பரப்பு 105 × 163 மி.மீ., பக்கத்துக்கு 33 வரி, மேட்டர் (நூலின் உரை) 11 பாயின்ட், லீடிங் (ஓர் அடிக்கோட்டிலிருந்து அடுத்தது வரை) 14. முதல் பதிப்பு பேஜ்மேக்கர் 7-இல் கோத்தது. அதை இன்டிசைன் சிஎஸ்6-இல் திறந்து சேமித்த கோப்பும் ஐடிஎம்எல் (இன்டிசைனின் பரிமாற்றக்) கோப்பும் இருக்கின்றன. அச்சுக்குப் போன பிடிஎஃப்பும் இருக்கிறது.

மேட்டர் முழுவதும் டாம் (TAM, யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியேற்றம்) முறையில் உள்ள ஒரு டைப் 1 (அடோபியின் பழைய வடிவ) ஃபான்ட். சாதாரணம், தடிமன் என்று இரண்டே எடைகள். விற்ற நிறுவனம் இப்போது இல்லை. அதே எழுத்து ஓப்பன்டைப்பாகவோ யூனிகோடாகவோ வெளிவரவும் இல்லை. இன்றைய இன்டிசைனில் கோப்பைத் திறந்தால் எல்லா வரியிலும் இளஞ்சிவப்புப் பட்டை, அதன்மேல் தலையில் குறி போட்ட ஐரோப்பிய எழுத்துகள்.

எழுத்தின் தோற்றம்: வட்டங்கள் நன்றாக உருண்டவை, கோட்டுத் தடிமனில் இலேசான ஏற்ற இறக்கம், 'ழ'வின் வால் நன்றாகக் கீழே இறங்கிச் சுருளும். ஆங்கிலச் சொற்களும் ஆண்டுகளும் நடுநடுவே நிறைய வருகின்றன, அவை வேறொரு ஆங்கில ஃபான்ட்டில்.

நூலின் கடைசியில் 9 பக்கச் சொல்லடைவு இருக்கிறது. பக்க எண் நகர்ந்தால் அதை முழுக்கத் திரும்பச் செய்ய வேண்டும். 40 பக்கம் போல ஆசிரியர் திருத்தம் உண்டு. மின்னூலும் வேண்டும் என்கிறது பதிப்பகம்.

மாற்று எழுத்தை எப்படித் தேர்வது? கண்ணால் பார்த்து 'கிட்டத்தட்ட இதுதான்' என்பதைத் தாண்டி ஏதாவது அளவு உண்டா? பக்கம் நகராமல் எப்படி மாற்றுவது?

எழுத்தச்சு:

முதலில் வேலையின் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். அது தவறினால் நல்ல ஃபான்ட் கிடைத்தும் பயனில்லை.

ஃபைன்ட் ஃபான்ட் பலகையைத் திறந்து பழையதற்குப் பதில் வேறொரு தமிழ் ஃபான்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கோப்பில் இருப்பது தமிழ் உரையே அல்ல. ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருந்தார்கள், அந்த ஃபான்ட் இருந்தவரை அது தமிழாகத் தெரிந்தது. யூனிகோட் ஃபான்ட்டில் அதே இடங்களில் ஐரோப்பிய எழுத்துதான் இருக்கும். எனவே முதலில் உரை மாற்றம், பிறகு ஃபான்ட், பிறகு கம்போசர் (இன்டிசைனில் எழுத்துகளை வரியாகக் கோக்கும் பகுதி), கடைசியாக அளவு.

அடோபி 2023 ஜனவரியில் தன் மென்பொருள்களில் டைப் 1 ஆதரவை நிறுத்தியது. போட்டோஷாப்பில் 2021-லேயே போய்விட்டது. சந்தாவில் நடப்புப் பதிப்பும் அதற்கு முந்தையதும்தான் நிறுவக் கிடைக்கும் என்பதால் பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை. ஆனால் பிடிஎஃப்பில் உட்பொதிந்த டைப் 1 எழுத்து இன்றும் திரையில் தெரியும், அச்சிலும் வரும். அக்ரோபாட்டில் பிராபர்ட்டீஸ் → ஃபான்ட்ஸ் பகுதியில் 'எம்பெடட் சப்செட்' என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருத்தமே இல்லாத மறுபதிப்பு என்றால் இந்த பிடிஎஃப்பே போதும். உங்களுக்குத் திருத்தமும் மின்னூலும் இருப்பதால் போதாது.

உரை மாற்றத்துக்கு என்ஹெச்எம் கன்வர்ட்டர், ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் இரண்டுமே டாம் குறியேற்றத்தைப் புரிந்துகொள்ளும். சிக்கல் உங்கள் ஆங்கிலச் சொற்களில் இருக்கிறது. டாம் ஒருமொழிக் குறியேற்றம், ஆங்கில எழுத்துகளின் இடத்திலும் தமிழ்தான் உட்கார்ந்திருக்கும். அத்தியாயத்தை அப்படியே நகலெடுத்து மாற்றியில் ஒட்டினால் ஆங்கிலச் சொற்களும் ஆண்டுகளும் தமிழ்க் குப்பையாகிவிடும். டாப் (TAB) குறியேற்றமாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை, அதில் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்கும்.

அதனால் மாற்றத்தை ஃபான்ட் வாரியாகச் செய்ய வேண்டும். இன்டிசைனில் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவர் இருந்தால் ஒவ்வொரு டெக்ஸ்ட் ஸ்டைல் ரேஞ்சையும் (ஒரே ஃபான்ட், ஒரே அளவில் தொடரும் உரைத்துண்டு) எடுத்து, ஃபான்ட் பெயர் பழைய தமிழ் ஃபான்ட்டாக இருந்தால் மட்டும் மாற்றும்படி செய்யச் சொல்லுங்கள். ஆள் இல்லையென்றால் ஃபைன்ட்/சேஞ்சில் ஆங்கில ஃபான்ட்டைத் தேடி, அகப்படும் ஒவ்வொன்றையும் வேறெங்கும் வராத ஓர் அடையாளக் குறிக்குள் அடையுங்கள். மாற்றிய பிறகு அந்தக் குறிகளுக்கு நடுவே இருப்பதை மூலத்திலிருந்து திரும்ப ஒட்டலாம். சலிப்பான வேலைதான், ஆனால் 312 பக்கத்துக்குத் தாங்கும்.

கோப்பு மேக்கில் பிறந்ததா விண்டோஸில் பிறந்ததா என்றும் கேட்டு வையுங்கள். இரண்டிலும் 127-க்கு மேற்பட்ட இடங்களின் வரிசை வேறு. மேக்கிலிருந்து வெறும் உரையாக எடுத்து விண்டோஸ் மாற்றியில் கொடுத்தால் பாதி எழுத்து சரியாகவும் பாதி தாறுமாறாகவும் வரும். நூல் முழுக்க ஒரே ஓர் எழுத்து மட்டும் காணாமல் போனால் 173-ஆம் இடத்தில் இருப்பது எது என்று பாருங்கள். அது மெல்லிணைப்புக்குறியின் (வரி முறிந்தால் மட்டும் தெரியும் இணைப்புக்கோடு) இடம், பல மென்பொருள்கள் சத்தமில்லாமல் அதை விழுங்கிவிடும்.

மாற்றிய பிறகு களை எடுக்க வேண்டியவை:

பழைய ஃபான்ட்களில் துணைக்காலும் 'ர'வின் உடலும் ஒரே உருவம் என்பதால், தட்டச்சு செய்தவர் துணைக்காலை அடித்துப் புள்ளி வைத்திருப்பார். மாற்றியும் அதை நம்பி 'ா்' என்றே கொடுக்கும். 'பார்த்தார்' திரையில் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது, வேறு ஃபான்ட்டுக்குப் போனால் புள்ளி வட்டம் முளைக்கும். துணைக்காலுக்குப் பின்னால் புள்ளியோ கொக்கியோ தமிழில் வரவே முடியாது. அதனால் 'ா்' → 'ர்', 'ாி' → 'ரி', 'ாீ' → 'ரீ' மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம்.

ஔகாரத்தில் மட்டும் கண்ணை மூடக் கூடாது. 'கௌரவம்' என்பது 'கெளரவம்' என்று ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக வந்திருக்கும். 'ெள' எல்லாவற்றையும் 'ௌ' ஆக்கினால் வெள்ளம், தெளிவு, வெளியே எல்லாம் நாசமாகும். 'ெள'வுக்கு அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாமல் நேராக இன்னொரு மெய்யெழுத்து வரும் இடங்களை மட்டும் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்: மௌனம், பௌர்ணமி, சௌகரியம், பௌத்தம், வௌவால், லௌகீகம். அதேபோல 'ஒளவை' → 'ஔவை'. 'ஒளி'யைத் தொடாதீர்கள்.

கடைசியாக, அந்தக் காலத்தில் வரியை இழுத்துப் பிடிக்கக் கையால் போட்ட ஃபோர்ஸ்டு லைன் பிரேக், சொல்லின் நடுவே அடித்த இணைப்புக்கோடு. புது ஃபான்ட்டில் வரி வேறு இடத்தில் முறியும்போது இவை பத்தியின் நடுவே வந்து நிற்கும். முதலிலேயே தேடி நீக்குங்கள்.

வளைகோடு:

எழுத்தச்சு சார் சொன்ன வரிசைதான் சரி. நான் ஃபான்ட் தேர்வைப் பற்றிச் சொல்கிறேன்.

கண் ஏமாற்றும். ஒரே 11 பாயின்ட்டில் இரண்டு ஃபான்ட்டை வைத்துப் பார்த்தால் பெரிதாகத் தெரிவதை 'அகலம்' என்றும், சிறிதாகத் தெரிவதை 'மெலிவு' என்றும் நினைத்துக்கொள்வோம். அதனால் உருவத்தை ஒப்பிடுவதற்கு முன்னால் உயரத்தைச் சமமாக்கிவிட வேண்டும்.

பழைய ஃபான்ட் இன்றைய இன்டிசைனில் திறக்காது என்பதால் அச்சுக்குப் போன பிடிஎஃப்பின் ஒரு பக்கத்தைப் புது இன்டிசைன் கோப்பில் பிளேஸ் செய்து 909% பெரிதாக்குங்கள். 11 பாயின்ட் எழுத்து 100 பாயின்ட் ஆகிவிடும். இல்லஸ்ட்ரேட்டரில் ஓப்பன் செய்யாதீர்கள். ஓப்பன் செய்தால் அது ஃபான்ட்டைத் தேடிக் குழப்பும், பிளேஸ் செய்தால் உட்பொதிந்ததையே காட்டும். அதன்மேல் புது ஃபான்ட்டை 100 பாயின்ட்டில் வைத்து நான்கு அளவு எடுங்கள்.

ஒன்று, 'ப'வின் உயரம். மேலும் கீழும் தட்டையான எழுத்து என்பதால் இதில் அளவு பிசகாது. வட்டமுள்ள 'ம', 'ற' எல்லாம் கோட்டைச் சற்றுத் தாண்டி நிற்கும், அவற்றில் அளக்காதீர்கள். இரண்டு, 'ட'வின் நிமிர்ந்த கோட்டின் தடிமனும் படுத்த கோட்டின் தடிமனும். சில எழுத்துகளில் நிமிர்ந்தது தடிப்பு, சிலவற்றில் படுத்தது தடிப்பு. இது மாறினால் மற்றதெல்லாம் ஒத்திருந்தாலும் பக்கத்தின் நிறமே வேறாகிவிடும். மூன்று, அடிக்கோட்டிலிருந்து 'ழூ'வின் கீழ் எல்லை. நான்கு, 'ப'வின் தலையிலிருந்து 'கீ'யின் சுழி உச்சி.

புது அளவு = பழைய அளவு × பழைய 'ப' உயரம் ÷ புது 'ப' உயரம். பழையது 16.2 மி.மீ., புதியது 17.6 மி.மீ. என்றால் 11 × 16.2 ÷ 17.6 = 10.1 பாயின்ட். 11 என்றே வைத்துவிட்டுப் பக்கம் பெருகிவிட்டது என்று திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாததுதான்.

உயரம் சமமான பிறகு உருவத்தைப் பாருங்கள். அ, ஆ தொடங்கி வரிசையாகப் பார்ப்பதில் பயனில்லை. 'ண'வின் சுழிகள் உருண்டவையா நசுங்கியவையா, 'ற'வின் தோள் வளைவா முடக்கா, 'ழ', 'ஞ' இரண்டின் வால் எங்கே முடிகிறது, 'டி'யின் கொக்கி உடம்போடு ஒட்டியதா, 'லி'யின் சுழி எவ்வளவு மேலே போகிறது, 'கூ', 'சூ', 'ளு' மூன்றும் எவ்வளவு இடம் பிடிக்கின்றன. இந்த ஏழெட்டில் ஐந்து ஒத்தால் வாசகருக்கு எழுத்து மாறியது தெரியாது. 'க'வும் 'த'வும் ஒத்திருப்பது போதாது, அவை எல்லா ஃபான்ட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான்.

நீங்கள் சொன்ன தோற்றத்துக்கு நான் இரண்டைத்தான் முதலில் வைத்துப் பார்ப்பேன். நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ். டிரோவில் சாதாரணமும் சாய்வும் மட்டும் உண்டு, தடிமன் கிடையாது. உங்கள் நூலில் தடிமன் இருப்பதால் அது இடறும். எழுத்தைச் சுற்றி ஸ்ட்ரோக் போட்டுப் பொய்த் தடிமன் உண்டாக்காதீர்கள், 'ண', 'ஞ' சுழிகள் அடைத்துக்கொள்ளும். நோட்டோ செரிஃப் தமிழில் எடை 100 முதல் 900 வரை நகரும், அதனால் 'ட'வின் தடிமனைப் பழையதோடு நெருக்கமாகப் பொருத்த முடியும். 400-க்கும் 500-க்கும் நடுவே 430 என்றுகூட வைக்கலாம். இந்த வேலைக்கு என் வாக்கு நோட்டோ செரிஃபுக்கே.

கோட்டில் ஏற்ற இறக்கம் இல்லாத பழைய ஃபான்ட்டுக்கு மாற்றுத் தேடுகிறவர்களுக்கு வேறு பட்டியல்: பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கட்டமரன் (9 எடை), முக்தா மலர் (7 எடை), ஹிந்த் மதுரை (5 எடை), அனேக் தமிழ். அனேக்கில் எடையோடு அகலமும் 75 முதல் 125 வரை நகரும் என்பதால் நெருக்கமான பத்திகளுக்கும் தலைப்புகளுக்கும் கை கொடுக்கும். மேலே சொன்ன எல்லாமே எஸ்ஐஎல் திறந்த உரிமத்தில் உள்ளவை. அச்சு, மின்னூல் இரண்டிலும் பொதியலாம். மேக்கில் தமிழ் சங்கம் எம்என், இணைமதி போன்றவை கூடவே வருகின்றன, ஆனால் அச்சகம் விண்டோஸில் திருத்தம் போடும் என்றால் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

பிக்ஸ்_டிடிபி:

நண்பர்களே, இவ்வளவு சுற்ற வேண்டுமா? ஃபான்ட் திருத்தும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் பழைய பிஎஃப்பி (டைப் 1 ஃபான்ட்) கோப்பைத் திறந்து ஓப்பன்டைப்பாக ஜெனரேட் செய்தால் அதே எழுத்து, அதே அகலம், அதே பக்கம். ஒரு வரிகூட நகராது. ஃபான்ட்டின் போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயரை மாற்றாமல் வைத்தால் இன்டிசைன் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

எழுத்தச்சு:

பிக்ஸ், தொழில்நுட்பமாகச் சரிதான், அவசரத்துக்கு ஓடும். ஆனால் மூன்று விஷயம்.

உரிமம் முதலில். நிறுவனம் மூடிவிட்டதால் ஃபான்ட் பொதுச்சொத்து ஆகிவிடாது. வாங்கியபோது வந்த உரிமத்தாளில் வடிவமாற்றத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று படித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பதிப்பகத்திடம் அந்தத் தாள் இல்லையென்றால் இந்த வழியை விட்டுவிடலாம்.

இரண்டாவது, கெர்னிங் (குறிப்பிட்ட எழுத்து இணைகளுக்கு நடுவே செய்யும் இடைவெளித் திருத்தம்). பிஎஃப்பி கோப்பில் எழுத்து வடிவம் மட்டும்தான் இருக்கும், கெர்னிங் ஏஎஃப்எம் கோப்பில் இருக்கும். 'மெர்ஜ் ஃபீச்சர் இன்ஃபோ' வழியாக அதையும் சேர்க்காவிட்டால் வரி நகரும், 'அதே பக்கம்' என்ற வாக்கு பொய்க்கும். மேக்கில் வாங்கிய ஃபான்ட் என்றால் இன்னொரு கண்டம்: அதன் உள்ளடக்கம் மேக் கோப்பின் தனிப் பகுதியான ரிசோர்ஸ் ஃபோர்க்கில் இருக்கும், விண்டோஸ் வழியாகப் பென்டிரைவில் போய் வந்தால் 0 பைட் ஆகிவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஃபான்ட் பிழைத்தாலும் உரை பழைய குப்பையாகவே இருக்கும். மின்னூலில் தேட முடியாது, நகலெடுக்க முடியாது, கைப்பேசியில் வேறு எழுத்து வைத்தால் எல்லாம் சிதறும். 40 பக்கத் திருத்தத்தைத் தட்டச்சு செய்யப் பழைய விசைப்பலகை மென்பொருளும் வேண்டும். இந்தப் பதிப்பைத் தாண்டிவிடலாம், அடுத்த பதிப்பில் இதே கேள்வியோடு வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

ஃபாரம்16:

மிக்க நன்றி. ஃபான்ட்டின் உரிமத்தாள் கிடைக்கவில்லை, ஆகவே யூனிகோட் வழிதான். முதல் 3 கட்டுரைகளை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. 'ா்' மட்டும் 2,000-க்கு மேல் இருந்தது.

இப்போது இரண்டு சிக்கல். புது ஃபான்ட்டைக் கொடுத்ததும் 'கொ' என்பது க, கொம்பு, கால் என்று தனித்தனியாக, அதுவும் கொம்பு வலப்பக்கமாக வருகிறது. இன்னொன்று, உயரத்தைச் சமமாக்கி அளவு போட்டும் பழைய 100 வரி 104 வரி ஆகிறது. 312 பக்கம் 324-ஐத் தாண்டும். 320-க்குள் நின்றால் 20 ஃபாரம், தாண்டினால் இன்னும் அரை ஃபாரம் ஏறும். எழுத்தின் அகலத்தை 96% ஆக்கிவிடலாமா? ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி அரை மில்லிமீட்டர் போல இறங்கியும் இருக்கிறது.

வளைகோடு:

96% வேண்டாம். நிமிர்ந்த கோடுகள் மட்டும் மெலியும், உருண்ட சுழிகள் முட்டையாகும். நீங்கள் தேடித் தேடிப் பொருத்திய உருவம் அங்கேயே போய்விடும். டிராக்கிங்கை (எழுத்திடைவெளியை) குறைப்பதும் தமிழுக்கு ஆகாது. அது எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மட்டுமல்லாமல் 'கெ'யின் கொம்புக்கும் 'க'வுக்கும் நடுவேயும் கை வைக்கும், சில இடத்தில் துணைக்கால் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

முதலில் கொம்பு. அது கம்போசர் பிரச்சினை. பாராகிராஃப் ஸ்டைலில் ஜஸ்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய்க் கம்போசரை 'அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று மாற்றுங்கள். பத்தி பத்தியாகத் தேர்ந்தெடுத்து மாற்றாமல் ஸ்டைலில் மாற்றினால் அடிக்குறிப்பு, மேற்கோள் எதுவும் விடுபடாது. கேரக்டர் பகுதியில் மொழியைத் தமிழ் என்று வையுங்கள். பிறகு 'க்ஷ', 'ஸ்ரீ' வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். ஃபான்ட்டுக்கு ஃபான்ட் நடத்தை மாறுவது இந்த இரண்டிலும்தான்.

முதல் வரி இறங்குவது ஃபான்ட்டின் மேல் எல்லை மாறியதால். டெக்ஸ்ட் ஃபிரேம் ஆப்ஷன்ஸ் → பேஸ்லைன் ஆப்ஷன்ஸில் ஃபர்ஸ்ட் பேஸ்லைன் 'அசென்ட்' என்று இருக்கும். அதை 'ஃபிக்ஸ்டு' ஆக்கி, பழைய பிடிஎஃப்பில் சட்டத்தின் மேல் விளிம்பிலிருந்து முதல் அடிக்கோடு வரை அளந்த எண்ணைக் கொடுங்கள். இனி எந்த ஃபான்ட் போட்டாலும் நகராது.

4 சதவீதத்துக்கு வருவோம். பக்கத்துக்கு 33 வரி என்றால் முதல் அடிக்கோட்டுக்கும் கடைசி அடிக்கோட்டுக்கும் நடுவே 32 லீடிங், 32 × 14 = 448 பாயின்ட். அதே 448-ஐ 33-ஆல் வகுத்தால் 13.58. லீடிங்கை 13.58 ஆக்கினால் அதே பரப்புக்குள் 34 வரி நிற்கும். குறைப்பு அரைப் பாயின்ட்டுக்கும் கீழே, கண்ணுக்கு உறைக்காது. இதிலேயே 3 சதவீதம் மீண்டுவிட்டது, மீதி 1 சதவீதம்தான். அதைச் சொல்லிடைவெளியில் எடுங்கள். ஜஸ்டிஃபிகேஷனில் வேர்டு ஸ்பேசிங் வழக்கமாக 80 / 100 / 133 என்று இருக்கும், அதை 75 / 92 / 125 ஆக்குங்கள். லெட்டர் ஸ்பேசிங் மூன்றும் 0. கிளிஃப் ஸ்கேலிங் 99 / 100 / 101-க்கு மேல் போக வேண்டாம்.

லீடிங்கைக் குறைக்கும் முன் ஒரு சோதனை. ஒரு வரியில் 'ழூ ஞூ பூ' என்று அடித்து, அதன் நேர் கீழே 'கீ லீ ர்' வரும்படி அடுத்த வரியை வையுங்கள். 400% பெரிதாக்கிப் பாருங்கள். வாலும் சுழியும் தொட்டால் 34 வரி ஆகாது, அளவைத்தான் 10.1-இலிருந்து 9.9-க்கு இறக்க வேண்டும். முன்பு எடுத்த மூன்றாவது, நான்காவது அளவுகளை 100-லிருந்து உங்கள் அளவுக்குச் சுருக்கி, 'ப' உயரத்தையும் சேர்த்துக் கூட்டினாலே விடை கிடைத்துவிடும். கூட்டுத்தொகை 13.58 பாயின்ட்டுக்குள், அதாவது 4.79 மி.மீ.க்குள் இருக்க வேண்டும்.

சொல்லடைவு: ஒவ்வொரு பக்கமும் பழைய அதே சொல்லில் தொடங்க வேண்டும் என்று முயலாதீர்கள். கட்டுரை ஒவ்வொன்றும் புதுப் பக்கத்தில் தொடங்குவதால் விலகல் கட்டுரைக்குள்ளேயே அடங்கிவிடும். ஒவ்வொரு கட்டுரையிலும் மிக அதிக விலகல் எத்தனை வரி என்று பழைய பிடிஎஃப்போடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 3 வரி என்றால் பக்கத்தின் முதல் 3, கடைசி 3 வரிகளில் இருக்கும் சொல்லடைவுப் பதிவுகள் மட்டுமே பக்கம் மாறியிருக்க முடியும். அவற்றை மட்டும் சரிபார்த்தால் போதும். ஆசிரியர் திருத்திய 40 பக்கமும் அவை சேர்ந்த கட்டுரைகளும் இதில் சேராது, அவற்றை முழுதாகப் பார்க்கத்தான் வேண்டும்.

மைதாள்:

அச்சகப் பக்கத்திலிருந்து ஒரு சொல். ஃபான்ட்டை முடிவு செய்யும் முன் லேசர் பிரின்ட்டை மட்டும் நம்பாதீங்க. டோனர் கோட்டைக் கொஞ்சம் தடிக்கவைக்கும். அதைப் பார்த்து எடையைக் குறைத்தால் சிடிபி (கணினியிலிருந்து நேராக எடுக்கும்) பிளேட்டில் எழுத்து வெளிறிப்போகும். பழைய பதிப்பு பிலிம் எடுத்துப் பிளேட் போட்டதாக இருந்தால் அதிலும் எழுத்தின் தடிமன் கொஞ்சம் மாறித்தான் விழுந்திருக்கும். அச்சான பழைய புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து எடையைப் பொருத்துங்க, பிடிஎஃப்போடு மட்டும் வேண்டாம்.

எடை 400, 430, 460 என்று மூன்றையும் ஒரே பக்கத்தில் பத்தி பத்தியாகப் போட்டு, வேறு வேலைக்கு ஓடும் பிளேட்டின் ஓரத்தில் இடம் கேட்டு, உங்க புத்தகத்துக்கு வாங்கப்போகிற அதே 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் அடிச்சுப் பாருங்க. பார்க்க வேண்டியது புள்ளியை. 'ச்', 'க்' மேல் புள்ளி வட்டமா நிக்குதா, தலையோடு ஒட்டிக்குதா. 10 பாயின்ட்டுக்குக் கீழே போனால் முதலில் கெடுவது அதுதான். அடுத்தது 'ண'வின் உள்சுழி அடைப்பு. எழுத்து வெறும் கறுப்பு 100-ஆ, நாலு வண்ணக் கலவையா என்பதையும் ஸ்வாட்சில் பார்த்துடுங்க. பழைய கோப்பை இறக்கும்போது எல்லாப் பிளேட்டிலும் விழும் 'ரிஜிஸ்ட்ரேஷன்' நிறம் ஒட்டிக்கொண்டு வருவது உண்டு.

எழுத்தச்சு:

மைதாள் சொன்னதோடு எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுகள் நிறைய என்றீர்கள். பெரும்பாலான ஃபான்ட்களில் எண்கள் ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்தில் இருக்கும், தமிழ் வரியில் '1947' தலை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். பாராகிராஃப் ஸ்டைலில் கிரெப் ஸ்டைல் பகுதியில் (பொருந்தும் இடங்களைத் தானாகத் தேடி ஸ்டைல் போடுவது) [0-9]+ என்று கொடுத்து, அதற்கு ஒரு கேரக்டர் ஸ்டைல் வையுங்கள். ஆங்கில ஃபான்ட் எதுவோ அது, அளவு 92 சதவீதத்தில் தொடங்கி 'ப'வின் தலையைச் சற்றே தாண்டும்வரை பாருங்கள். ஆங்கிலச் சொற்களுக்கும் அதே ஸ்டைல். நூல் முழுக்க ஒரே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

அட்டையையும் பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவத்தில், 'லை' துதிக்கையோடு எழுதிய தலைப்பாக இருந்தால் யூனிகோடில் அதற்குத் தனிக் குறி கிடையாது, ஃபான்ட் எப்படி வரைந்திருக்கிறதோ அப்படித்தான் வரும். அந்த ஒரு சொல்லுக்காக ஃபான்ட் தேடி அலையாமல், பழைய பிடிஎஃப்பின் அட்டையைப் புது அட்டைக் கோப்பில் பிளேஸ் செய்து, தலைப்புப் பகுதி மட்டும் தெரியும்படி வெட்டி வையுங்கள். முதுகில் தலைப்பு சிறிதாக வரும், அங்கேயும் அதே படத்தையே சுருக்கி வையுங்கள், புது ஃபான்ட்டில் அடிக்காதீர்கள். அட்டையில் 'லை' ஒரு மாதிரியும் முதுகில் வேறு மாதிரியும் அச்சாகிவிடும்.